ஜீப்பில் ஏறும் காய்ச்சல்

விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று ஊருக்கு ஊர் ஜீப்கள் வந்து நின்றுவிடும். கையில் தூக்குவாளி, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் காகிதம், இதோடு ஆட்கள் ஏறிக்கொள்வார்கள். குமுளிப் பாதை, கம்பம் மெட்டு, போடி மெட்டு என்று மூன்று வழியாகவும் மலை ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கி வருவார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய அம்மாவோ அத்தையோகூட அந்த ஜீப்பில் போகிறவர்களாக இருக்கலாம். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கத் தொடங்கினால் ஜீப்பின் படுதாவை இறக்கிக் கட்டிவிடுவார்கள். உள்ளே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் இருமுகிறார். அடுத்த இரண்டு மூன்று நாளில் அதே ஜீப்பில் வந்த நான்கைந்து பேருக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அந்தப் பிள்ளைகளின் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு என்று அது பரவிக்கொண்டே போகிறது.

இப்படிப் போவது ஃப்ளூ காய்ச்சல். இன்ஃப்ளூயன்சா என்ற வைரஸால் வருவது. மூக்கு ஒழுகுவதெல்லாம் ஃப்ளூ இல்லை, பிள்ளைகளே. சாதாரணச் சளி மெதுவாக வரும், மூக்கில் தொடங்கி பெரும்பாலும் மூக்கோடு முடிந்துவிடும். ஃப்ளூ திடுதிப்பென்று வரும். காலையில் மைதானத்தில் ஓடிய பிள்ளை சாயங்காலம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும். காய்ச்சல், தலைவலி, கைகால் உளைச்சல், வறட்டு இருமல், தொண்டை வலி எல்லாம் சேர்ந்து வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வரலாம்.

அந்த வைரஸ் எவ்வளவு பெரியது? உங்கள் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பாருங்கள். அதற்குள் ஃப்ளூ வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால் ஏறத்தாழ 10,000 நிற்கும். அதன் வெளியே கொழுப்பால் ஆன ஒரு மெல்லிய உறை. உறையின் மேல் முட்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள். உள்ளே, வைரஸைச் செய்வதற்கான குறிப்பாக எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ. வைரஸ் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அது சாப்பிடாது, மூச்சுவிடாது, ஓர் அங்குலம்கூடத் தானாக நகராது. மனிதர்கள் நகர்ந்தால்தான் அதுவும் நகரும்.

அந்த முட்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையை ஹெச் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தோட்டத்து ஓரமாக நடந்து வந்தால் நாயுருவி விதை உங்கள் பாவாடையிலும் கால்சட்டையிலும் ஒட்டிக்கொள்கிறதே, அந்த மாதிரி மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்களின் மேல் ஒட்டிக்கொள்வது ஹெச்சின் வேலை. ஒட்டியதும் வைரஸ் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லையே தன் வேலைக்காரனாக்கிவிடும். தன்னைப் போலவே நூற்றுக்கணக்கான வைரஸ்களை அதைக்கொண்டே செய்ய வைக்கும். புதிய வைரஸ்கள் வெளியே வரும்போதும் செல்லின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒட்டை வெட்டி அவற்றை விடுவிப்பது இரண்டாவது வகை முள், அதாவது என். செய்தித்தாளில் ஹெச்1என்1, ஹெச்3என்2 என்று படிக்கிறீர்களே, அந்த எழுத்தும் எண்ணும் இந்த இரண்டு முட்களின் வகையைச் சொல்கின்றன.

இந்த 'என்' முள்ளின் வேலையைத் தடுக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஒசெல்டாமிவிர். அதைச் செய்யத் தேவைப்படும் ஷிகிமிக் அமிலம் எதிலிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? வீட்டில் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து! ஏலமும் மிளகும் கிராம்பும் விளையும் மலையடிவாரத்தில் இருக்கும் உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அன்னாசிப்பூவை மென்றாலோ கொதிக்கவைத்துக் குடித்தாலோ ஃப்ளூ போகாது. அதிலுள்ள அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் பல படிகளில் மாற்றிய பிறகுதான் அது மருந்தாகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே சாப்பிட வேண்டிய மாத்திரை அது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம்.

இப்போது நம்மைத் தேடி வந்த ஒரு பெரிய ஃப்ளூவின் கதை. 1957இல் சீனாவில் ஒரு புதிய ஃப்ளூ கிளம்பியது. அங்கிருந்து ஹாங்காங், பிறகு சிங்கப்பூர். அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே வேலை பார்த்த தமிழர்கள் ஊருக்கு வருவது அந்தக் கப்பல்களில்தான். அவற்றுள் ஒன்று மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது, பயணிகளோடு காய்ச்சலும் இறங்கியது. இந்தியாவுக்குள் அந்த ஃப்ளூ நுழைந்த வாசல் சென்னைதான். அடுத்த பன்னிரண்டு வாரங்களில் நாடு முழுவதும் பரவிவிட்டது. 1958 பிப்ரவரி வரை அரசுக் கணக்கில் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். இதையெல்லாம் கவனித்து எழுதிவைத்தவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஐ.ஜி.கே. மேனன். நாட்டின் இன்ஃப்ளூயன்சா மையம் அன்று அந்த மலை ஊரில்தான் இருந்தது.

அதற்கு முன் 1918இல் வந்தது இன்னும் கொடூரமானது. முதல் உலகப் போரில் கப்பல் கப்பலாகச் சிப்பாய்கள் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் காய்ச்சல் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுப்பது வழக்கம் அல்லவா? 1921இல் எடுத்தபோது, அதற்கு முந்தைய கணக்கைவிட மக்கள்தொகை குறைந்திருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் அப்படிக் குறையவில்லை. அன்று பலரைக் கொன்றது வைரஸ் மட்டுமே அல்ல. வைரஸால் புண்ணாகிப்போன நுரையீரலில் பாக்டீரியாவும் புகுந்து நிமோனியா ஆகிவிட்டது. அதற்குக் கொடுக்கப் பென்சிலின் அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ் என்பதுகூட யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1933இல்தான் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா என்ற மூவர் மனிதரின் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஃபெரட் என்ற, நம்மூர்க் கீரியைப் போல் நீண்ட உடல் கொண்ட சின்ன விலங்குக்கு அந்த வைரஸைக் கொடுத்ததும் அதுவும் மனிதர்களைப் போலவே தும்மியது. அந்த ஆய்வுகளின்போது ஒரு ஃபெரட் முகத்துக்கு நேரே தும்மியதில் ஆய்வாளர் ஒருவருக்கே ஃப்ளூ வந்துவிட்டது.

ஒருமுறை தட்டம்மை வந்தவருக்கு மறுபடி வருவது மிக அபூர்வம். ஃப்ளூ மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? நம் உடம்பு மறதிக்காரன் இல்லை. ஒருமுறை வந்த வைரஸின் முட்களை அது நன்றாக நினைவில் வைத்திருக்கும். ஆனால் வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது நிறையப் பிழை விடுகிறது. பிழைகள் சேரச் சேர முட்களின் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. இரண்டு மூன்று வருடத்தில் உடம்புக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடுகிறது. இதைவிட ஆபத்தான இன்னொரு மாற்றமும் உண்டு. எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ. என்று சொன்னேன் அல்லவா? ஒரே செல்லுக்குள் இரண்டு வேறுவேறு ஃப்ளூ வைரஸ்கள் ஒரே நேரத்தில் நுழைந்துவிட்டால், இதிலிருந்து சில துண்டு, அதிலிருந்து சில துண்டு என்று கலந்து, உலகத்தில் யார் உடம்பும் பார்த்திராத புதிய வைரஸ் பிறக்கலாம். 1957இல் அப்படிப் பறவை ஃப்ளூவிலிருந்து சில துண்டுகள் மனித ஃப்ளூவோடு கலந்துவிட்டன. 2009இல் உலகையே சுற்றிய ஹெச்1என்1 வைரஸில் பன்றி, பறவை, மனிதர் என மூன்று பக்கத்துத் துண்டுகளும் இருந்தன.

பறவை என்றதும் குமுளிச் சோதனைச்சாவடி நினைவுக்கு வருகிறது. ஃப்ளூ ஏ என்ற வகை வைரஸ்களின் பூர்வீக வீடு காட்டு வாத்து போன்ற நீர்ப்பறவைகளின் உடல். கேரளத்தின் ஆலப்புழைப் பக்கம் நீர் நிறைந்த வயல்களில் ஆயிரக்கணக்கில் வாத்து வளர்க்கிறார்கள். வலசை வரும் பறவைகளும் அங்கே இறங்குகின்றன. 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் அங்கே வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. இப்படி வரும்போது நம் பக்கத்து மலைப்பாதைகளில் கால்நடைத் துறையினர் நின்று, கேரளத்திலிருந்து வரும் வாகனங்களின் சக்கரங்களில் கிருமிநாசினி தெளிப்பார்கள். கோழி, வாத்து, முட்டை ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். டயரில் ஒட்டியிருக்கும் எச்சம்கூட ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு வைரஸைக் கொண்டுபோய்விடும். பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்கு எளிதில் தொற்றுவதில்லை. நன்றாக வேகவைத்த முட்டையும் கறியும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கண்மாய்க் கரையிலோ தோப்பிலோ பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் குச்சியால்கூடத் தொடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி, ஃப்ளூ வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? வைரஸ் நுழைந்து ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். ஆனால் அதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நீங்கள் மற்றவர்களுக்கு அதைக் கொடுக்க ஆரம்பித்திருப்பீர்கள்! காய்ச்சல் வந்தபின் ஐந்திலிருந்து ஏழு நாள் வரை கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். சின்னக் குழந்தைகள் அதைவிட அதிக நாள். உடம்பு சுடுவது வைரஸ் செய்யும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சூட்டை ஏற்றுவது உங்கள் மூளைதான். வைரஸைப் பார்த்த நோய் எதிர்ப்புச் செல்கள் சில ரசாயனங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையை அடைந்ததும், உடம்பின் சூட்டை உயர்த்தச் சொல்லி அங்கிருந்து கட்டளை போகிறது. சூடு கூடினால் வைரஸ் பெருகுவது மட்டுப்படும், எதிர்ப்புச் செல்கள் சுறுசுறுப்பாகும். கைகால் உளைச்சலும் எழுந்து நடக்க முடியாத தூக்கமும் அதே ரசாயனங்களால் வருபவை. படுத்துக்கொள் என்று உடம்பு சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும்.

காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். இருமல் மட்டும் இரண்டு வாரம்கூட நிற்கும். தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயின் உள்சுவரில் நுண்ணிய மயிர்கள் சதா அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வைரஸ் அந்த மயிர்கள் உள்ள செல்களை அழித்துவிடுகிறது. அவை மறுபடி வளரும் வரை அந்த வேலையை இருமல்தான் பார்க்கிறது. அதனால் காய்ச்சல் விட்டபின்னும் இருமுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

வைத்தியம் என்று பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓய்வும் நீராகாரமுமே போதும். கஞ்சி, இளநீர், மோர், மிளகு ரசம், சுக்குத் தண்ணீர் எதுவானாலும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அம்மாச்சி வைக்கும் மிளகு ரசம் வைரஸைக் கொல்லாது. ஆனால் தொண்டைக்கு இதமாக இருக்கும், உடம்பில் நீர் வற்றாமல் காக்கும். இருமலுக்கு ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி தேன் நல்லது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலை எடைக்குத் தகுந்த அளவில் டாக்டர் சொன்னபடி கொடுப்பார்கள். ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஃப்ளூ காலத்தில் அதைக் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ஒரு கொடிய நோய் வர வாய்ப்பு உண்டு. ஆவி பிடிப்பதாகச் சொல்லிக் கொதிக்கும் பானையைப் பிள்ளைகள் மடிக்கு அருகே வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பானை கவிழ்ந்து வெந்துபோவது ஃப்ளூவைவிடப் பெரிய துன்பம்.

நம் ஊர்களில் இரண்டு பழக்கங்கள் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன. மெடிக்கல் கடையில் போய், "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குவது ஒன்று. டாக்டரிடமே, "ஊசி போட்டாத்தாங்க கேக்கும்" என்று அடம்பிடிப்பது இன்னொன்று. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் விழுங்க விழுங்க, வயிற்றிலும் தொண்டையிலும் இருக்கும் பாக்டீரியாக்களில் அந்த மருந்துக்குச் சாகாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும். நாளைக்கு உண்மையிலேயே நிமோனியா வரும்போது மருந்து கேட்காமல் போய்விடும். ஊசி கேட்கும் அப்பத்தாவுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல உங்களால் முடியும். பேரப்பிள்ளை சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தம்பியோ தங்கையோ வேகவேகமாக மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழுந்தால், உதடு நீலம் பூத்தால், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் கிடந்தால், எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால், வலிப்பு வந்தால், நேரம் கடத்தவே கூடாது. இன்னொரு அடையாளத்தைப் பலரும் கவனிப்பதில்லை. காய்ச்சல் விட்டு ஒருநாள் இரண்டுநாள் நன்றாக இருந்துவிட்டு, மறுபடி காய்ச்சலும் இருமலும் கூடினால் பாக்டீரியா புகுந்திருக்கலாம். 1918இல் கொன்றது இதுதான் என்று பார்த்தோமே. இன்றைக்கு அதற்கு மருந்து இருக்கிறது, அதனால்தான் தாமதம் கூடாது. 108க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். 104இல் ஆலோசனை கேட்கலாம். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு, பெரிய சிகிச்சைக்கு க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் மூன்றாம் நாளும் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனை அவசியம். மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்தே சுற்றும், அதைக் கவனிக்கும் விதம் வேறு.

இப்போது ஒரு கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. தட்டம்மை வந்த ஒருவர், தடுப்பூசி போடாதவர்கள் நடுவே இருந்தால், 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். பருவகால ஃப்ளூ வந்த ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ 1.3 பேர். அதாவது பத்துப் பேர் சேர்ந்து பதின்மூன்று பேருக்கு. இவ்வளவு குறைவான எண்ணை வைத்துக்கொண்டா ஊரையே படுக்க வைக்கிறது? நோட்டை எடுங்கள். 100 பேரில் தொடங்குங்கள். 1.3ஆல் பெருக்குங்கள்: 130. மறுபடி பெருக்குங்கள்: 169. இப்படிப் பத்துமுறை பெருக்கினால் ஏறத்தாழ 1,379 வரும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக மூன்று நாள் என்று வைத்தால், இது ஒரே மாதத்தில் நடந்துவிடும்.

இனி இன்னொரு பக்கம் பாருங்கள். நான்கு தொற்றுகளில் ஒன்றை மட்டும் நாம் தடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 1.3இல் கால் பங்கு போனால் 0.975. இப்போது அதே 100ஐ 0.975ஆல் பத்துமுறை பெருக்குங்கள். ஏறத்தாழ 78 வரும். கூடிக்கொண்டே போன காய்ச்சல் குறைய ஆரம்பித்துவிட்டது! நாலில் மூன்றை நாம் தடுக்கவே இல்லை, ஒன்றை மட்டும்தான் தடுத்தோம். ஃப்ளூ விஷயத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பலர் கொஞ்சம் கொஞ்சம் செய்தாலே ஊரின் கணக்கு மாறிவிடும்.

அந்த நாலில் ஒன்றை எப்படித் தடுப்பது? முதலாவது, காய்ச்சல் அடித்தால் பள்ளிக்குப் போகாமல் இருப்பது. மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆனபின் போனால் நல்லது. பல பள்ளிகளில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கிறார்கள். அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலோடு வந்து உட்காரும் பிள்ளைகள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் ஆசிரியர்கள் கொடுக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பரிசை நிறுத்திவிடலாம் என்பேன். உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்த பிள்ளை வகுப்பில் நான்கைந்து பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு மேடையில் யாரும் கைதட்டுவதில்லை.

பெரியவர்களுக்கு இது இவ்வளவு சுலபம் இல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. காய்ச்சல் அடித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப் ஏறும் அம்மாவை எந்த விஞ்ஞானமும் குறை சொல்லக்கூடாது. கூலி பிடிக்காமல் இரண்டு நாள் விடுப்பு கொடுக்கும் தோட்டம், தன் மற்ற ஆட்களைக் காய்ச்சலிலிருந்து காக்கும் தோட்டம். முதலாளிகள் யோசிக்க வேண்டும். அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. இருமுகிறவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜீப்பின் பின்பக்க ஓரத்தில் உட்காரலாம். சாரல் அடித்தாலும் படுதாவை ஒரு பக்கம் ஒரு முழம் தூக்கிக் கட்டலாம். இருமலில் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் அடைத்த இடத்தில் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். காற்று புகுந்தால் கலைந்துவிடும். வகுப்பறை ஜன்னலுக்கும் இதே விதிதான். குளிருகிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்தும் நாளில்தான் வைரஸுக்குக் கொண்டாட்டம்.

அடுத்தது கை. எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் ஒரு நாளுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கும், துணியிலும் காகிதத்திலும் சில மணி நேரம். பஸ் கம்பியைப் பிடித்த கையால் மூக்கைத் தேய்த்தால் வேலை முடிந்தது. சோப்பு ஏன் போட வேண்டும் என்பதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெறும் தண்ணீரில் கழுவுங்கள். பிசுக்கு போகாது. பிறகு சோப்புப் போட்டு இருபது வினாடி தேய்த்துக் கழுவுங்கள். போய்விடும். வைரஸின் வெளி உறையும் கொழுப்புதான் என்று சொன்னேனே. சோப்பு அந்த உறையைக் கிழித்துவிடும், உறை கிழிந்த ஃப்ளூ வைரஸால் யாரையும் தொற்ற முடியாது. இருமும்போதும் தும்மும்போதும் முழங்கை மடிப்புக்குள் முகத்தை வையுங்கள், உள்ளங்கையில் வேண்டாம். தண்ணீரைச் செம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் வீட்டுப் பழக்கம் அருமையானது. பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலிலும் அதைக் கடைப்பிடியுங்கள்.

தடுப்பூசியும் உண்டு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் நோயாளிகளின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரிகளைச் சோதிக்கின்றன. தமிழகத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இந்த வேலையைச் செய்கிறது, புனேயில் தேசிய வைராலஜி நிறுவனம் இருக்கிறது. இந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த பருவத்தின் தடுப்பூசியில் எந்தெந்த வைரஸ் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. போட்டு இரண்டு வாரம் ஆனபின் பாதுகாப்பு தொடங்கும். பொருந்தி வரும் வருடங்களில் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ பாதி குறைக்கும். முழுப் பாதுகாப்பு இல்லையே என்று தோன்றலாம். மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள், பாதி என்பது எவ்வளவு பெரியது என்று தெரியும். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள், வயதான அப்பத்தா, சீயான் இவர்களுக்கு ஃப்ளூ கடுமையாகலாம், இவர்களுக்குத்தான் முதலில் தேவை. நம் நாட்டில் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடும் தடுப்பூசிப் பட்டியலில் இது இன்னும் சேரவில்லை. சேர வேண்டும் என்பது என் ஆசை.

ஃப்ளூ குளிர்நாட்டு நோய் என்றும் சிலர் நினைக்கிறார்கள். காஷ்மீரில் பனிக்காலத்தில் கூடுகிறது, உண்மைதான். ஆனால் இந்தியாவின் பெரும்பகுதியில் அது மழையோடு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கு இரண்டு மழை. மேற்கே மலையைத் தாண்டி வரும் சாரல் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை இன்னொன்று. அந்த மாதங்களுக்கு முன்பே தயாராகிவிடுவது நல்லது. மழை இல்லாத மாதத்திலும் வராது என்று சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் ஹெச்3என்2 நாடெங்கும் கூடியபோது, மார்ச் 10ஆம் தேதி ஒரே நாளில் தமிழக அரசு 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. பக்கத்துப் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை சில நாட்கள் பள்ளிகளையே மூடினார்கள்.

நாலில் ஒன்றைத் தடுத்தால் போதும் என்ற கணக்கு வெறும் நோட்டுக் கணக்கா, உண்மையிலும் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக ஊரடங்கு வந்தது. மூன்று மலைப்பாதைகளும் அடைக்கப்பட்டன, ஜீப்கள் நின்றன, பள்ளிகள் மூடின, எல்லார் முகத்திலும் கவசம். உலகமே அப்படித்தான் இருந்தது. கொரோனா அப்போதும் பரவிக்கொண்டுதான் இருந்தது, அதன் எண் 1.3ஐவிடப் பெரியது. ஃப்ளூவோ உலகம் முழுவதும் கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது. ஊரடங்கு முடிந்ததும் ஃப்ளூவின் மற்ற வகைகள் திரும்பி வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை. மனிதர்களிடம் பல பத்தாண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்த பி யமகட்டா என்ற வகையை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகின் எந்த ஆய்வுக்கூடமும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. அதுவரை நான்கு வைரஸ்களுக்கு எதிராகச் செய்துவந்த தடுப்பூசியில் அதற்கு இனி இடம் வேண்டாம் என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னார்கள். இப்போது பல நாடுகளில் அந்த ஊசியில் மூன்றுதான்.